வானுக்கு டைட்டானியம், தரைக்கு அலுமினியம்

ஸ்பைடர் என்ற பலூன் தொலைநோக்கி 2015 ஜனவரி 1 அன்று அண்டார்டிகாவின் மெக்மர்டோ நிலையத்துக்கு அருகிலிருந்து மேலே எழும்பியது. அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உணர்விகள் இருந்தன. ஒவ்வோர் உணர்வியிலும் இரண்டு உலோகப் படலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று டைட்டானியம், மற்றது அலுமினியம். பறந்த பதினாறு நாட்களும் வானத்தை அளந்தது டைட்டானியம்தான். அலுமினியம் மின்தடையே இல்லாத வெறும் கம்பியாகச் சும்மா கிடந்தது. மைக்ரான் மைக்ரானாக இடத்துக்குக் கணக்குப் பார்க்கும் தொழிலில், மேலே போனதும் வேலையற்றுப்போகும் ஓர் உலோகத்தை எதற்காக வைத்தார்கள்? கவனக்குறைவு என்று சொல்ல வழியில்லை. அந்தப் படலம் இல்லாமல் ஸ்பைடர் பறந்திருக்கவே முடியாது.

முதலில், ஸ்பைடர் எதைத் தேடிப் போனது என்பதைச் சொல்லிவிடலாம். பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 3,80,000 ஆண்டுகளில் அண்டம் குளிர்ந்து, எலக்ட்ரான்களும் அணுக்கருக்களும் சேர்ந்து அணுக்களாயின. அதுவரை எலக்ட்ரான்களில் மோதி மோதித் திசைமாறிக்கொண்டிருந்த ஒளி அப்போது விடுதலை பெற்றது. அண்டம் விரிய விரிய அந்த ஒளியின் அலைநீளமும் நீண்டு, இன்று அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள நுண்ணலையாக நம்மை வந்தடைகிறது. அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். நியூஜெர்சியின் ஹோம்டெலில் பெல் ஆய்வுக்கூடத்தின் கொம்பு வடிவ ஆன்டெனாவில் ஓயாமல் கேட்ட இரைச்சலாக ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் 1964-65இல் இதைக் கண்டறிந்தனர். நோபல் பரிசு 1978இல் கிடைத்தது. எல்லாத் திசையிலும் ஒரே சீராகத் தெரிந்த இந்தக் கதிர்வீச்சில் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம் இருப்பதை 1992இல் கோபே செயற்கைக்கோள் காட்டியது. அந்த ஏற்ற இறக்கங்களிலும் ஒரு சிறு பங்குதான் தளவிளைவு கொண்டது; அதாவது அலை ஒரு குறிப்பிட்ட தளத்தில் கூடுதலாக அதிர்வது. வானத்தில் தளவிளைவின் திசைகளை வரைந்து பார்த்தால் இருவகைக் கோலங்கள் தெரியும். ஈ-வகை எனப்படும் முதல் கோலத்தைத் தென் துருவத்தில் இருந்த டாசி கருவி 2002இல் கண்டது. சுழிபோல் வளையும் பி-வகைக் கோலம்தான் எல்லோரும் துரத்துவது. அண்டம் பிறந்த மிகச் சிறு கணத்தில் பெருவீக்கம் என்ற அதிவேக விரிவு நிகழ்ந்திருந்தால் அதில் எழுந்த ஈர்ப்பலைகள் பெரிய கோண அளவுகளில் பி-வகைத் தடத்தை விட்டிருக்க வேண்டும். இருக்குமானால் அதன் அளவு ஒரு கெல்வினில் நூறு கோடியில் சில பத்துப் பங்குகள், அல்லது அதற்கும் கீழே.

இத்தனை மெலிந்த சைகைக்கு முதல் எதிரி நம் தலைக்கு மேலிருக்கும் காற்று. ஆக்சிஜனும் நீராவியும் மில்லிமீட்டர் அலைகளை உறிஞ்சுகின்றன; உறிஞ்சுவது எதுவோ அதுவே உமிழவும் செய்யும். தென் துருவத்தின் வறண்ட குளிர்காற்றுகூட 150 கிகாஹெர்ட்ஸில் பத்து கெல்வினுக்கு மேற்பட்ட ஒரு பொருளைப்போல ஒளிர்கிறது. அந்த ஒளியின் சராசரியைக் கழித்துவிடலாம். ஆனால் ஃபோட்டான்கள் ஒழுங்காக வரிசையில் வருவதில்லை, தாறுமாறாகத்தான் வருகின்றன. அந்தத் தாறுமாறு இரைச்சலை எவராலும் கழிக்க முடியாது. தவிர, காற்றில் நீராவி திட்டுத்திட்டாக நகர்வதால் வானமே அலைபாய்வதுபோலத் தெரியும். 36 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் காற்றில் 99 சதவீதத்துக்கு மேல் காலடியில் தங்கிவிடும். வளிமண்டலத்தின் ஒளி ஏறத்தாழ அணைந்துவிடும். ராக்கெட்டில் போனால் இன்னும் நல்லது. ஆனால் அதற்குப் பல ஆயிரம் கோடி ரூபாயும் பதினைந்து இருபது ஆண்டுகளும் வேண்டும். பலூன் என்றால் பாலிதீன் உறையில் ஹீலியத்தை நிரப்பி, மூன்று டன் கருவியைத் தொங்கவிட்டுச் சில வாரங்கள் பறக்கவிடலாம். மேலே போனதும் உறை விரிந்து ஏறத்தாழ பத்து லட்சம் கன மீட்டர் கொள்ளளவை எட்டும். அண்டார்டிகக் கோடையில் உயரக் காற்று துருவத்தைச் சுற்றி வட்டமாக வீசுகிறது. பலூனும் அதனோடு வட்டமடித்து, புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே திரும்பி வர வாய்ப்புண்டு. சூரியன் மறைவதே இல்லாததால் உறையிலுள்ள வாயு இரவில் சுருங்கி பலூன் கீழே இறங்கும் தொல்லையும் இல்லை.

இந்த அலைநீளங்களை அளக்க மிகச் சிறந்த கருவி போலோமீட்டர். 1880 வாக்கில் அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி உருவாக்கியது. தத்துவம் மிக எளிது. ஒளியை உறிஞ்சி ஒரு சிறு பொருள் சூடாகிறது; அதில் ஒட்டியிருக்கும் வெப்பமானி அந்தச் சூட்டைச் சொல்கிறது; மெல்லிய இணைப்பு ஒன்றின் வழியே சூடு குளிர்ந்த அடித்தளத்துக்கு வடிகிறது. 1998 டிசம்பர் இறுதியில் மெக்மர்டோவிலிருந்து பறந்த பூமராங் என்ற பலூன் தொலைநோக்கியில் பதினாறு போலோமீட்டர்கள் இருந்தன. உறிஞ்சும் பகுதி சிலந்தி வலைபோன்ற சிலிக்கான் நைட்ரைடு கண்ணி. வெப்பமானி, அணு உலையில் நியூட்ரான் பாய்ச்சித் தயாரித்த ஜெர்மானியத் துணுக்கு. எல்லாம் 0.28 கெல்வினில். வலையில் ஓட்டைகளே அதிகம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. புவிகாந்தப் புலம் துருவத்தருகே காஸ்மிக் கதிர்களைத் தடுப்பதில்லை. கண்ணியாக இருந்தால் அவை பெரும்பாலும் ஓட்டை வழியே போய்விடும். ஆனால் மில்லிமீட்டர் அலைக்கு அந்த ஓட்டைகள் தெரியாது. பத்து நாள் சுற்றிய பூமராங் அண்டத்தின் வடிவியல் தட்டையானது என்பதற்கான சான்றை 2000 ஏப்ரலில் வெளியிட்டது. ரோமின் பாவ்லோ டி பெர்னார்டிஸும் கால்டெக்கின் ஆண்ட்ரூ லாங்கேயும் வழிநடத்திய குழு அது. என்னைக் கேட்டால், பலூன் வானியல் மொத்தத்துக்கும் தனிப்பெரும் வெற்றி இன்றுவரை அதுதான்.

ஆனால் அந்த வெற்றியே ஒரு முட்டுச்சந்தையும் காட்டியது. ஜெர்மானிய போலோமீட்டரின் சொந்த இரைச்சல், ஃபோட்டான்களின் இரைச்சலுக்கு நெருக்கமாக வந்துவிட்டது. அதற்குமேல் ஓர் உணர்வியை எவ்வளவு சீர்படுத்தினாலும் பயன் இல்லை. எண்ணிக்கையைக் கூட்டுவது ஒன்றே வழி. ஜெர்மானியத் துணுக்கை ஒவ்வொன்றாகக் கையால் ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி, தனிப் பெருக்கி. ஐம்பது வரை முடியும், ஐந்நூறு முடியாது. 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் செயற்கைக்கோளின் உயர் அதிர்வெண் கருவியில் 52 போலோமீட்டர்கள்தான் இருந்தன.

இங்கேதான் மீக்கடத்திகள் வருகின்றன. 1911இல் லைடனில் ஹைக்கே காமர்லிங் ஆனஸ் பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை திடீரென்று மறைந்தது. அந்தத் ‘திடீரென்று’ என்பதில்தான் நமக்குக் காரியம் இருக்கிறது. சாதாரண நிலையிலிருந்து மீக்கடத்து நிலைக்கு மாறும் இடைவெளி ஒரு கெல்வினில் ஆயிரத்தில் சில பங்குகளே. அந்தச் செங்குத்தான சரிவின் நடுவில் படலத்தை நிறுத்தி வைத்தால், கடுகளவு சூடு கூடினாலும் மின்தடை எகிறும். இதைவிடக் கூர்மையான வெப்பமானி கிடைப்பது அரிது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஆண்ட்ரூஸ் 1941இலேயே டான்டலம் கம்பியைக் கொண்டு இப்படி அகச்சிவப்பு ஒளியை உணர்ந்து காட்டினார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு இந்த யோசனை பெரும்பாலும் அலமாரியிலேயே கிடந்தது.

காரணம், அந்தச் சரிவில் எதையும் நிறுத்தி வைக்க முடியவில்லை. வழக்கமான முறையில் நிலையான மின்னோட்டத்தைச் செலுத்தினால், சூடு கூடும்போது தடை கூடுகிறது. தடை கூடினால் மின்னோட்டம் உண்டாக்கும் வெப்பமும் கூடுகிறது. அது மேலும் சூடாக்கி, படலத்தைச் சரிவின் உச்சிக்குத் தள்ளிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டில் கரும்பொருள் தேடலுக்கான உணர்விகளில் வேலை செய்துகொண்டிருந்த கென்ட் இர்வின் 1995இல் வெளியிட்ட தீர்வு, சொன்னபிறகு ‘இவ்வளவுதானா’ என்று தோன்றவைக்கும் வகை. மின்னோட்டத்தை விட்டுவிட்டு மின்னழுத்தத்தை நிலையாக வைத்தார். இப்போது சூடு கூடித் தடை கூடினால், ஓடும் மின்னோட்டம் குறைகிறது, மின்வெப்பமும் குறைகிறது, படலம் தானே குளிர்ந்து பழைய இடத்துக்கு வருகிறது. ஒளி எவ்வளவு வெப்பம் தந்ததோ, ஏறத்தாழ அவ்வளவு மின்வெப்பம் குறையும். ஆக, மின்னோட்டத்தில் ஏற்படும் குறைவை அளந்தாலே உள்ளே வந்த ஒளியின் அளவு தெரிந்துவிடும். ஆயிரம் உணர்விகளின் மாறுநிலை வெப்பநிலைகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபட்டாலும் கவலை இல்லை. ஒவ்வொன்றும் தன் சரிவைத் தானே தேடி அமர்ந்துகொள்ளும். கூடவே, உணர்வியின் வேகமும் கூடுகிறது. இவற்றுக்கு மாறுநிலை விளிம்பு உணர்விகள் என்று பெயர். சிப்பு தயாரிக்கும் அதே அச்சுமுறையில் ஒரு சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கில் செய்துவிடலாம்.

ஸ்பைடரின் உணர்விகளை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் செய்தார்கள். அவற்றில் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். சிலிக்கான் தகட்டின் மேல் நியோபியப் படலம். அதில் வரிசையாக வெட்டிய நுண்ணிய பிளவுகள். அவைதான் ஆன்டெனா. கிடைப்பிளவுகள் ஒரு தளவிளைவையும் நெடும்பிளவுகள் மற்றதையும் வாங்கிக்கொள்கின்றன. நியோபியம் 9 கெல்வினுக்குச் சற்று மேலேயே மீக்கடத்தியாகிவிடுவதால், பிளவுகளில் சிக்கிய அலைகள் நுண்பட்டைகள் வழியே இழப்பில்லாமல் ஓடி ஒன்றுசேர்கின்றன. வடிகட்டி ஒன்று வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் விடுகிறது. கடைசியில் அலை, ஒரு சிறு சிலிக்கான் நைட்ரைடுத் தீவின் மேலுள்ள தங்க மின்தடையில் போய் வெப்பமாக முடிகிறது. அந்தத் தீவைச் சுற்றிலும் சிலிக்கானை அரித்தெடுத்துவிட்டதால் அது சில மெல்லிய கால்களில் அந்தரத்தில் நிற்கிறது. தீவின் மேல்தான் நம் டைட்டானியமும் அலுமினியமும் இருக்கின்றன.

இப்போது அலுமினியத்தின் கதைக்கு வரலாம். எல்லாம் அந்தக் கால்களில் இருக்கிறது. கால் தடிமனாக இருந்தால் வெப்பம் வேகமாக வடியும். கூடுதல் ஒளியைத் தாங்கலாம். ஆனால் வெப்பம் வடியும்போதும் அது சீராக வடிவதில்லை; அந்த ஏற்ற இறக்கம் இரைச்சலாகிறது. கால் மெலிந்தால் இரைச்சல் குறையும். கூடவே தாங்கும் அளவும் குறையும். தரையிலிருந்து பார்க்கும் பைசெப் குழு ஏறத்தாழ இதே வடிவ உணர்விகளை நேரான கால்களோடு பயன்படுத்தியது. ஸ்பைடருக்கோ கால்களை வளைத்து வளைத்து நீளமாக்கி, ஒரு கெல்வின் வேறுபாட்டுக்கு இருபது பிக்கோவாட் அளவே வெப்பம் வடியும்படி இறுக்கினார்கள். பிக்கோவாட் என்பது ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் துலங்கும். அடித்தளம் 0.3 கெல்வின், டைட்டானியத்தின் மாறுநிலை அரை கெல்வின் அளவில். இந்தச் சிறிய இடைவெளியில் அந்தக் கால்கள் வழியே வடியக்கூடியது இரண்டு மூன்று பிக்கோவாட்தான். அதைத் தாண்டி ஒளி வந்தால் டைட்டானியம் சரிவைவிட்டு மேலேறி, சாதாரண உலோகமாகி, எதையும் சொல்லாமல் நின்றுவிடும். மேலே, 36 கிலோமீட்டரில், அண்டப் பின்னணியும் கருவியின் சொந்த ஒளியும் சேர்ந்து ஓர் உணர்வியில் விழுவது அரை பிக்கோவாட்டுக்கும் கீழே. தாராளமாகத் தாங்கும். ஆய்வுக்கூடத்திலோ கருவியின் முன்னால் இருப்பது 300 கெல்வின் அறை. அதன் ஒளி மட்டும் ஐம்பது பிக்கோவாட்டை நெருங்கும். அங்கே டைட்டானியத்தைச் சோதிப்பது பொன் நிறுக்கும் தராசில் நெல் மூட்டையை ஏற்றுவதுபோலத்தான். ஆனால் சோதிக்காமல் அனுப்பவும் முடியாது. ஒளிக்கற்றை சரியான இடத்தில் விழுகிறதா, வடிகட்டி சரியான அதிர்வெண்ணைத்தான் விடுகிறதா, இரண்டு தளவிளைவுகளும் ஒன்றோடொன்று கலக்கின்றனவா என்பதையெல்லாம் தரையிலேயே அளந்தாக வேண்டும். மேலே போன பிறகு திருத்த ஆளில்லை.

அதற்காகத்தான் அலுமினியம். அதன் மாறுநிலை 1.2 கெல்வினுக்குச் சற்று மேலே. தீவு அந்த வெப்பநிலைக்குப் போகும்போது அடித்தளத்துக்கும் அதற்கும் இடைவெளி அகலமாகிறது. கால்களின் கடத்துதிறனும் வெப்பநிலையோடு கூடுகிறது. எனவே அதே மெலிந்த கால்கள் வழியே சில பத்து பிக்கோவாட் வடியும். தரையில் சோதிக்கும்போது டைட்டானியம் சாதாரண மின்தடையாக ஒதுங்கிக்கொள்ள, அலுமினியம் தன் சரிவில் நின்று அறையின் ஒளியை அளக்கிறது. மேலே போனதும் தீவு குளிர்கிறது, அலுமினியம் முழு மீக்கடத்தியாகி மறைந்துவிடுகிறது, டைட்டானியம் பொறுப்பேற்கிறது. ஆன்டெனா, வடிகட்டி, தீவு எல்லாம் இரண்டுக்கும் பொது என்பதால், அலுமினியத்தை வைத்து அளந்த ஒளிக்கற்றையும் அதிர்வெண் பட்டையும் டைட்டானியத்துக்கும் பொருந்தும். இரைச்சல் மட்டும் பொருந்தாது. டைட்டானியத்தின் இரைச்சலைத் தெரிந்துகொள்ள, முன்னால் குளிர்ந்த கறுப்புத் தகடுகளை வைத்து இருட்டைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். அப்படியும் வானத்தின் இருட்டைத் தரையில் முழுதாக உண்டாக்கிவிட முடியாது. பலூன் உணர்வியின் அடிப்படைச் சிக்கல் இதுதான்: எந்த இடத்துக்காக ஒன்றை வடிவமைக்கிறோமோ, அந்த இடம் போய்ச் சேரும்வரை கிடைப்பதில்லை.

கம்பிகளின் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பைடரில் ஆறு தொலைநோக்கிகள். மூன்று 94 கிகாஹெர்ட்ஸிலும் மூன்று 150 கிகாஹெர்ட்ஸிலும் பார்ப்பவை. மொத்தம் 2,400 உணர்விகள். ஒவ்வொன்றுக்கும் அறை வெப்பநிலையிலிருந்து கம்பி இழுத்தால், கம்பிகள் கொண்டுவரும் வெப்பமே குளிர்விப்பானைத் தோற்கடித்துவிடும். 1960களில் உருவான ஸ்க்விட் என்ற மீக்கடத்து வளையம் மிக நுண்ணிய மின்னோட்டத்தின் காந்தப்புலத்தையும் அளக்கும். ஸ்பைடர், கொலராடோவின் போல்டரில் உள்ள தேசியத் தரநிலை நிறுவனத்தின் ஸ்க்விட்களைப் பயன்படுத்தி, ஒரே கம்பி வழியே பல உணர்விகளை ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்துப் படித்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஷால் ஹனானி தலைமையில் பறந்த இபெக்ஸ் என்ற பலூன் தொலைநோக்கி வேறு வழியை எடுத்தது. ஒவ்வோர் உணர்விக்கும் ஒரு வானொலி நிலையம்போலத் தனி அதிர்வெண். எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வந்து, வெளியே பிரிக்கப்படும். இரண்டிலும் ஸ்க்விட்டின் கூர்மையே வம்பாகவும் ஆகும். கருவி இடமும் வலமும் திரும்பி வானத்தைத் துழாவும்போது புவிகாந்தப் புலத்தின் ஊடே அசைகிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு போலிச் சைகை எழும். அது வானத்தோடு ஒட்டிக்கொண்டு அண்டத்தின் சைகைபோல நடிக்கும். ஆகவே உணர்வித் தொகுதியைச் சுற்றி நியோபியப் பெட்டி, அதற்கு வெளியே காந்தம் ஈர்க்கும் சிறப்பு உலோகக் கவசம் என்று அடுக்கடுக்காகப் போர்த்த வேண்டியிருக்கிறது. மீக்கடத்தி ஆன்டெனாவாக, வெப்பமானியாக, பெருக்கியாக, கவசமாக நான்கு வேடம் போடுகிறது.

குளிர்விப்பதில் பலூனுக்கு ஒரு சலுகை உண்டு. திரவ ஹீலியம் சாதாரண அழுத்தத்தில் 4.2 கெல்வினில் கொதிக்கும். மேலிருக்கும் ஆவியை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் இன்னும் குளிரும். தரையில் இதற்குப் பெரிய பம்புகள் வேண்டும். 36 கிலோமீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தமே சில மில்லிபார்தான். ஹீலியத் தொட்டியின் வாயை வெளியே திறந்துவிட்டால் போதும், ஸ்ட்ரேட்டோஸ்பியரே பம்பாகிவிடும். ஸ்பைடரில் 1,284 லிட்டர் பிரதானத் தொட்டி 4 கெல்வினில் இருந்தது. அதிலிருந்து நுண்குழாய் வழியே ஒரு சிறு தொட்டிக்குச் சொட்டும் ஹீலியம் இப்படித்தான் 1.6 கெல்வினுக்கு இறங்கியது. அங்கிருந்து 0.3 கெல்வினுக்கு, ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் தனியான ஹீலியம்-3 குளிர்விப்பான்; உள்ளே இருக்கும் கரி ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். பயணத்தின் ஆயுளைத் தீர்மானித்தது காற்றோ பலூனோ அல்ல. பெரிய தொட்டியில் ஹீலியம் தீரும் நாள்.

எந்த உணர்வியும் வெறும் உணர்வியாகப் பறப்பதில்லை என்பதற்கு இபெக்ஸ் நல்ல சாட்சி. ஏறத்தாழ ஆயிரம் மாறுநிலை விளிம்பு உணர்விகளைப் பலூனில் முதன்முதலில் கொண்டுபோனது அதுதான். 2012 டிசம்பர் 29 அன்று கிளம்பியது. 150, 250, 410 கிகாஹெர்ட்ஸ் என்று மூன்று பட்டைகள். தளவிளைவை மாற்றிமாற்றிக் காட்ட, மீக்கடத்திக் காந்தத் தாங்கியில் உரசலின்றி மிதந்து சுழலும் தகடு. உணர்விகள் வேலை செய்தன, ஸ்க்விட்கள் வேலை செய்தன, சுழலும் தகடும் சுழன்றது. ஆனால் தொங்கும் மேடையைத் திசைதிருப்பும் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி வெயிலிலும் அடர்த்தியற்ற காற்றிலும் சூடாகி நின்றுபோனது. காற்று இல்லாத இடத்தில் ஒரு சாதாரண மின்னணுப் பெட்டி தன் சூட்டை எப்படிக் கழிக்கும் என்ற கணக்கில் பிசகு. கால் கெல்வினில் இருக்கும் பொருளைக் காத்துவிட்டு, அறை வெப்பநிலையில் இருந்ததைக் கோட்டைவிட்டார்கள். மேடை தன்போக்கில் சுற்றியது. திட்டமிட்ட சிறிய வானப் பகுதியை ஆழமாகப் பார்ப்பதற்குப் பதில், ஆயிரக்கணக்கான சதுர டிகிரி அகன்ற பட்டை ஒன்றை மேலோட்டமாகப் பார்த்ததோடு ஹீலியம் தீர்ந்தது. அண்டவியலுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. உணர்வித் தொழில்நுட்பத்துக்கு நிறையக் கிடைத்தது.

ஸ்பைடரும் சுலபமாகப் பறந்துவிடவில்லை. 2013 அக்டோபரில் அமெரிக்க அரசு நிர்வாகம் முடங்கியபோது அந்தப் பருவத்தின் அண்டார்டிகப் பலூன் திட்டங்கள் ரத்தாயின, ஓராண்டு வீணானது. அதற்கிடையே 2014 மார்ச்சில் பைசெப்2 குழு பி-வகைத் தடத்தைக் கண்டுவிட்டதாக அறிவித்து உலகத்தைக் கலக்கியது. ஈர்ப்பலைகளின் பங்கைக் குறிக்கும் விகிதம் 0.2 என்றார்கள். பிறகு பிளாங்க் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தச் சைகையைப் பால்வெளியின் தூசியைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று தெரிந்தது. அந்தக் கூட்டாய்வு வெளிவந்தது 2015 ஜனவரி இறுதியில். ஸ்பைடர் தரையிறங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. செயற்கைக்கோள் இணைப்பு வழியே கிடைத்தது சொற்பத் தகவல்தான். உண்மையான தரவு, மேற்கு அண்டார்டிகப் பனியில் விழுந்துகிடந்த கருவியின் வன்தட்டுகளில் இருந்தது. பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு அமைப்பினர் விமானத்தில் போய் அவற்றை எடுத்துவந்தார்கள். கருவி மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து, அடுத்த பருவத்தில்தான் மீண்டது.

தரவை ஆராய்ந்து முடிவை வெளியிட ஆறேழு ஆண்டுகள் ஆயின. வானத்தில் 4.8 சதவீதப் பரப்பில் பி-வகைத் தளவிளைவை அளந்து, அந்த விகிதத்துக்கு 95 சதவீத நம்பகத்தில் 0.11 என்ற மேல்வரம்பை ஒரு புள்ளியியல் முறையிலும், 0.19 என்ற வரம்பை மற்றொரு முறையிலும் தந்தார்கள். இதே காலத்தில், 2021இல், தென் துருவத் தரையிலிருந்து பைசெப்-கெக் குழு தந்த வரம்பு 0.036. எண்களை மட்டும் பக்கத்தில் வைத்தால் பலூன் தோற்றுவிட்டது. தனி உணர்வி என்று பார்த்தால் மேலே போனது கூர்மையானதுதான். ஆனால் பதினாறு நாட்களால் பல ஆண்டுகளோடு போட்டியிட முடியவில்லை. தரையில் உள்ளவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் கருவியை மாற்றலாம், பிழையைத் திருத்தலாம், மறுபடி பார்க்கலாம். 94, 150 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பார்ப்பதற்காக இனியும் பலூனை ஏவுவது, என் கணிப்பில், நியாயப்படுத்தக் கடினமான செலவு.

அதிர்வெண்ணைக் கூட்டும்போது நிலைமை தலைகீழாகிறது. பால்வெளித் தூசி உயர் அதிர்வெண்களில் வேகமாகப் பிரகாசமடைகிறது. அண்டப் பின்னணி மங்குகிறது. எனவே தூசியைத் தனியே அளந்து கழிக்க, 250 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போக வேண்டும். அங்கேதான் தரையில் நீராவி அதிகம் தொல்லை தருகிறது. ஸ்பைடரின் இரண்டாம் பயணம் 2022 டிசம்பரில் கிளம்பியபோது மூன்று தொலைநோக்கிகள் 280 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றப்பட்டிருந்தன. இவற்றுக்குப் பிளவு ஆன்டெனாவை விட்டுவிட்டு, வரியோடிய சிறு கொம்புகளின் வழியே ஒளியை வாங்கும் 1,530 உணர்விகளைப் போல்டரில் செய்தார்கள். 150 மில்லிமீட்டர் சிலிக்கான் தகடு ஒன்றுக்கு ஒரு முழு அணி. டைட்டானியத்தின் இடத்தில் அலுமினியத்தில் சிறிதளவு மாங்கனீஸ் கலந்த படலம். மாங்கனீஸின் அளவைக் கொண்டு மாறுநிலை வெப்பநிலையை வேண்டிய இடத்துக்கு இறக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் பறந்து அதுவும் மீண்டது.

காஸ்மிக் கதிர்களைப் பற்றிய பழைய பயமும் இப்போது வேறு வடிவம் எடுத்திருக்கிறது. சிலந்தி வலை, உறிஞ்சும் பகுதியைக் காத்தது உண்மைதான். ஆனால் பிளாங்க்கில் தொல்லை தந்தது வலையைவிட, அதைத் தாங்கிய சிலிக்கான் சட்டகத்தில் விழுந்த துகள்கள்தான் என்று பிறகு தெரிந்தது. நூற்றுக்கணக்கான உணர்விகள் ஒரே தகட்டில் இருக்கும்போது, தகட்டில் எங்கோ விழும் ஒரு துகள் அத்தனையையும் சேர்த்து உலுக்கக்கூடும். ஸ்பைடரின் பயணத் தரவு இதில் ஆறுதல் தருகிறது. இழந்த நேரம் அண்டவியல் முடிவைப் பாதிக்கும் அளவுக்கு இல்லை. ஜப்பான் திட்டமிடும் லைட்பேர்ட் செயற்கைக்கோள் ஆயிரக்கணக்கான மாறுநிலை விளிம்பு உணர்விகளோடு விண்வெளிக்குப் போகவிருப்பதால், இது யாருக்கோ பயன்படும் தகவல் அல்ல, அவசியத் தகவல்.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. மீக்கடத்தியில் ஒளி விழுந்தால் இணைந்திருக்கும் எலக்ட்ரான் ஜோடிகள் உடையும். அதனால் அதன் மின்தூண்டல் மாறும். அந்தப் படலத்தை ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாகச் செய்தால் அதிர்வெண் நகர்வதைக் கொண்டு ஒளியை அளக்கலாம். கால்டெக்கிலும் ஜெட் உந்துவிசை ஆய்வகத்திலும் பிறந்து 2003இல் வெளியான இந்த உணர்விகளுக்கு அந்தரத் தீவும் வேண்டாம், ஸ்க்விட்டும் வேண்டாம். ஆயிரம் சுற்றுகளை ஒரே ஜோடிக் கம்பியில் படிக்கலாம். 2018 ஜூலையில் ஸ்வால்பார்டிலிருந்து பறந்த இத்தாலியக் குழுவின் ஒலிம்போ இவற்றை முதலில் ஸ்ட்ரேட்டோஸ்பியருக்குக் கொண்டுபோனது. இதே வகை உணர்விகளோடு 2020 ஜனவரியில் அண்டார்டிகாவில் ஏறிய பிளாஸ்ட்-டிஎன்ஜி, மேடையின் ஒரு பாகம் உடைந்ததால், ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இபெக்ஸின் கதைதான்; உணர்வி சரியாக இருந்தது, அதைச் சுமந்தது சரியில்லை.

பிரின்ஸ்டனை மையமாகக் கொண்ட குழு இப்போது தயாரிக்கும் டாரஸ், நியூசிலாந்தின் வனாக்காவிலிருந்து மிகையழுத்தப் பலூனில் கிளம்பத் திட்டமிட்டிருக்கிறது. உறைக்குள் அழுத்தத்தை எப்போதும் மிகையாக வைத்திருப்பதால் இரவு வந்தாலும் அது இறங்காது. ஆகவே துருவத்தைவிட்டு நடு அட்சரேகைகளில் சுற்றலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாறுநிலை விளிம்பு உணர்விகள், 150 முதல் 350 கிகாஹெர்ட்ஸ் வரை நான்கு பட்டைகள், வானத்தில் ஏறத்தாழ எழுபது சதவீதம். முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கியபோது எலக்ட்ரான்கள் மறுபடி விடுபட்டன. அவை அண்டப் பின்னணியின் தளவிளைவில் விட்ட தடத்தைப் பெரிய கோண அளவுகளில் அளப்பது நோக்கம். தரைத் தொலைநோக்கிகள் அவ்வளவு அகன்ற கோணங்களில் வளிமண்டலத்தின் அலைபாய்ச்சலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தரவை மீட்கும் வழியும் மாறியிருக்கிறது. இதே வனாக்காவிலிருந்து 2023இல் பறந்த சூப்பர்பிட் என்ற ஒளித் தொலைநோக்கி அர்ஜென்டினாவில் இறங்கிச் சேதமடைந்தது. ஆனால் இறங்குவதற்கு முன்பே, படங்கள் அடங்கிய சிறு பெட்டகங்களைப் பாராசூட்டில் கீழே போட்டிருந்தது. தேடிப் போனவர்கள் அவற்றைக் கண்டெடுத்தார்கள்.